எழுதப்படாத வரியைத் தேடுதல்: ஏரியான் 5 விபத்தும் ஆவண மறுஆய்வும்

1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரு ஏவுதளத்திலிருந்து முதல்முறையாகப் புறப்பட்ட ஏரியான் 5 ராக்கெட், எஞ்சின் பற்றவைப்பு தொடங்கிய சுமார் 40 நொடிகளில் சிதறியது. அதிலிருந்த நான்கு கிளஸ்டர் செயற்கைக்கோள்களும் அழிந்தன. 64 பிட் தசம எண் ஒன்று 16 பிட் முழு எண்ணுக்குள் அடங்கவில்லை என்பதோடு பலர் இந்தக் கதையை முடித்துவிடுகிறார்கள். அந்தப் பிழையின் வேர் நிரலுக்கு வெளியே, கருவி என்ன செய்ய வேண்டும் என்று வரையறுக்கும் தேவை ஆவணத்தில் இருந்தது.

ழாக்-லூயி லியோன்ஸ் தலைமையிலான விசாரணைக் குழுவின் அறிக்கையைப் படித்தால் இது தெளிவாகும். ராக்கெட்டின் நிலையையும் வேகத்தையும் கணிக்கும் கருவியின் மென்பொருள் ஏரியான் 4-க்காக எழுதப்பட்டது. அதில் எல்லை மீறக்கூடிய ஏழு மாறிகள் அடையாளம் காணப்பட்டன. கணினியின் சுமையை 80 விழுக்காட்டுக்குள் வைக்க வேண்டியிருந்ததால் நான்குக்கு மட்டும் பாதுகாப்பு தரப்பட்டது. மற்ற மூன்றும் வரம்பைத் தாண்டாது என்று கருதினார்கள். பழைய ராக்கெட்டுக்கு அது சரியான கணக்குதான். அந்த மூன்றில் ஒன்று சார்ந்திருந்த கிடைமட்ட வேகமோ ஏரியான் 5-இல் ஐந்து மடங்கு விரைவாகக் கூடியது. ஆனால் புதிய ராக்கெட்டின் பறப்புப் பாதைத் தரவைக் கருவியின் தேவை ஆவணத்தில் சேர்க்க வேண்டாம் என்று சம்பந்தப்பட்ட தரப்பினர் கூடியே முடிவெடுத்திருந்தார்கள். மூன்று மாறிகளை விட்டதற்கான காரணமும் நிரலில் குறிக்கப்படவில்லை. குவிந்து கிடந்த ஆவணங்களுக்குள், வெளியிலிருந்து மறுஆய்வு செய்தவர்களின் கண்ணில் படாமல் அது மறைந்துபோனது.

சோதனையில் பிடித்திருக்கலாமே என்று கேட்கலாம். தேவை ஆவணம் கேட்பதைத்தான் சோதனையும் கேட்கும். பாதைத் தரவு அதில் இல்லாததால், கருவியை அந்தப் பாதையில் ஓட்டிப் பார்க்கும் சோதனையும் நடக்கவில்லை.

ஐபிஎம்மின் மைக்கேல் ஃபேகன் 1976-இல் வெளியிட்ட ஆய்வு முறை, வடிவமைப்பையும் நிரலையும் வரிவரியாகப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது. சோதனையாளருக்கும் அதில் இடமுண்டு. அதன் பயனை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் வரிவரியாகப் படிப்பவர் கண்ணுக்கு இருக்கும் வரிதான் தெரியும். இங்கேதான் டேவிட் பார்னாஸும் டேவிட் வைஸும் 1985-இல் முன்வைத்த செயல்முனைப்பு மறுஆய்வு முக்கியமாகிறது. ஆவணத்தைக் கையில் கொடுத்துவிட்டு "பிழை இருந்தால் சொல்லுங்கள்" என்று விடுவதில்லை. ஆவணத்தைப் பயன்படுத்தினால் மட்டுமே விடையளிக்கக்கூடிய கேள்விகளை மறுஆய்வாளரிடம் கொடுக்கிறார்கள். "இந்த மாறியின் உச்ச மதிப்பு எவ்வளவு? அதை எந்தப் பாதையிலிருந்து கணக்கிட்டீர்கள்?" என்று ஏரியான் 5 மறுஆய்வில் கேட்டிருந்தால், விடை சொல்ல ஆவணத்தில் எண்ணே இருந்திருக்காது. அந்த வெற்றிடம் அங்கேயே வெளிப்பட்டிருக்கும்.

இதற்கு நேரமாகும், மூத்த பொறியாளர்களை வேலையிலிருந்து பிரித்து உட்கார வைக்க வேண்டியிருக்கும் என்ற மறுப்பு நியாயமானது. எல்லாப் பக்கங்களுக்கும் இதைச் செய்ய வேண்டியதில்லை. பழைய திட்டத்திலிருந்து அப்படியே எடுத்து வந்த பகுதிகளுக்காவது செய்தாக வேண்டும். அப்பகுதிகளில் ஒவ்வொரு அனுமானத்துக்கும் எதிரே அதன் எல்லை மதிப்பும் காரணமும் எழுதப்படாதவரை, மறுஆய்வு முடிந்தது என்று யாரும் கையெழுத்திடக் கூடாது.