இரும்பிற் பொறித்த சாசனம்: கண்டிப் பகுதியின் பழைய மோட்டர் எஞ்சின்கள்

கண்டியிலிருந்து தென்மேற்கே உடுநுவரைப் பகுதியில் அமைந்த இலங்காதிலக விகாரைக்குச் செல்வோர், அங்குள்ள பாறையிலே சிங்களத்திலும் தமிழிலும் வெட்டப்பெற்ற சாசனங்களைக் காணலாம். கி. பி. 1344ஆம் ஆண்டளவில், கம்பளை மன்னனாகிய நான்காம் புவனேகபாகுவின் காலத்தில் எழுந்தது அவ்விகாரை என நாம் துணிந்து கூறுவதற்கு அக்கல்லெழுத்துக்களே பெருந்துணையாயின. கல்லெழுத்தைப் படிக்கப் பழகிய கண்ணுக்கு இரும்பெழுத்தும் அயலானதன்று. மோட்டர் எஞ்சினுக்கும் வரலாற்றுக்கும் யாது தொடர்பு என வினவும் நண்பர்கள் சற்றே பொறுத்தருள்வாராக.

1943ஆம் ஆண்டில் தென்கிழக்காசிய நேசப்படைகளின் தலைமைத் தளபதியாக நியமனம் பெற்ற மவுண்ட்பேட்டன் பிரபு, 1944 ஏப்பிரிலில் தம் தலைமையகத்தைப் புதுடில்லியினின்றும் கண்டிக்கு மாற்றினார். பேராதனைப் பூந்தோட்டமே படைத்துறைப் பணிமனையாயிற்று. 1945ஆம் ஆண்டின் இறுதியில் அத்தலைமையகம் சிங்கப்பூருக்குச் சென்றது. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக் காலம் பேராதனைச் சாலையில் ஓடிய ஜீப்புகளும் லொறிகளும் பின்னர் என்னவாயின? பல படையோடு சென்றன. சில தனியார் கைப்பட்டன. அதனாலன்றோ, மலைநாட்டிலே பழைய ஜீப் ஒன்றை வைத்திருப்போரிற் பலர், 'இது மவுண்ட்பேட்டன் காலத்து வண்டி' என இன்றும் பெருமையோடு கூறக் கேட்கின்றோம். அக்கூற்றை எள்ளி நகையாடுதல் தகாது; ஆராயாது ஏற்றலும் தகாது. செவிவழிச் செய்தியைச் சோதித்தற்கு உரைகல் ஒன்று வேண்டும். அவ்வுரைகல் எஞ்சினின் உடம்பிலேயே உளது.

எஞ்சினிற் காணும் எழுத்துக்கள் இருவகையின. வார்ப்பெழுத்து, உருக்கிய இரும்பை அச்சில் வார்க்கும்போதே உண்டாவது. ஆதலின் மேற்பரப்பினின்றும் புடைத்து நிற்கும். பொறிப்பெழுத்து, வார்த்து, கடைந்து, சமப்படுத்திய பின்னர் உளியச்சை வைத்துச் சம்மட்டியால் அடிப்பது. ஆதலின் குழிந்து கிடக்கும். முன்னது அவ்வுறுப்பு எந்த அச்சுக்கு உரியது என்று சொல்லும்; பின்னது இந்தத் தனி எஞ்சின் யாது என்று சொல்லும். ஓரச்சு பல ஆண்டுகள் வழங்குமாதலின், வார்ப்பெண்ணை மட்டும் நம்பி ஆண்டு கணிப்போர் இடறி விழுவர்.

படிக்கும் முறையோ எளிது. மண்ணெண்ணெயும் கம்பித் தூரிகையும் கொண்டு பல்லாண்டு அழுக்கை அகற்றி, வெண்கட்டியைத் தேய்த்தால் குழிந்த எழுத்து வெளிப்படும். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் உரசினால், சாசன ஆய்வாளர் எடுக்கும் மைப்படி போன்றதொரு படி கைக்கு வரும். எண் பொறித்த மேடையில் கடைசற் பொறியின் மென்கோடுகள் உளவா என்பதனையும் நோக்குதல் வேண்டும். அவை அழிந்து, அரத்தின் கீறல்கள் மட்டும் தென்படின், பழைய எண்ணை எவரோ தேய்த்துப் புதிய எண்ணை அடித்திருத்தல் கூடும் என ஐயுறுக.

இனி ஜீப்பை நோக்குவாம். போர்க்கால ஜீப்பை வில்லிஸ் நிறுவனமும் போர்ட் நிறுவனமும் ஒரே அமைப்பிற் செய்தன. முன்னது ஏறத்தாழ 3,60,000, பின்னது ஏறத்தாழ 2,80,000. இரண்டிற்கும் நான்கு சிலிண்டரும் 60 குதிரைவலுவும் உடைய வில்லிஸ் எஞ்சினே. ஒரு செய்தியை இருமொழியிற் கூறும் சாசனம் போன்றது இது. வேறுபாடு எழுத்திலேதான். வில்லிஸ் எஞ்சினில் எம்.பி. என்னும் எழுத்துக்களை அடுத்து எண் பொறிக்கப்பெற்றிருக்கும். போர்ட் எஞ்சினில் ஜி.பி.டபிள்யூ. என்றிருக்கும். இவற்றுள் இறுதி எழுத்து, எஞ்சின் வில்லிஸ் அமைப்பினது என்பதைக் குறிப்பது. போர்ட் நிறுவனத்தார் தம் உறுப்புக்களிற் பெரும்பாலானவற்றில், மரையாணியின் தலையிலுங்கூட, 'எஃப்' என்னும் எழுத்தை இட்டனர். இத்துணை தன்முனைப்பு வரலாற்று மாணவனுக்குப் பேருதவியாயிற்று! போர் முடியுந் தறுவாயில், 1945இல், வில்லிஸ் நிறுவனம் வெளியிட்ட பொதுமக்கள் ஜீப்பிலோ எண்ணுக்கு முன் 'ஜே' நின்றது; அதன்பின் வந்த வகையில் '3ஜே'; அதற்கும் பிந்தியதில் '4ஜே'. வில்லிஸ் கட்டைகளிற் காணப்படும் 638632 என்னும் வார்ப்பெண், போர்க்காலத்திலும் போருக்குப் பிந்திய தொடக்கக் காலத்திலும் வழங்கியது. ஆகவே அது போர்க்காலத்துக்குச் சான்றாகாது.

ஆண்டைக் குறிக்கும் வார்ப்புக்களும் உள. அமெரிக்கச் செவ்ரலே எஞ்சின்களில் மாதத்திற்கு ஓரெழுத்து, நாளுக்கு எண், ஆண்டுக்குப் பெரும்பாலும் இறுதி இலக்கம் மட்டுமே காணப்படும். 'டி 12 5' எனின் ஏப்பிரில் 12. ஆண்டோ ஐந்தில் முடிவது. 1945ஆ, 1955ஆ? அரசன் பெயர் சிதைந்து ஆட்சியாண்டு மட்டும் எஞ்சிய கல்வெட்டின் முன் நிற்பவனின் நிலை இதுவே. உறுப்பின் வார்ப்பெண்ணை இதனோடு சேர்த்துப் படித்தாலன்றிப் பத்தாண்டு துலங்காது.

நம் நாட்டவரின் அன்புக்குரிய மொரிஸ் மைனரின் கதை வேறு. அது 1948இல் வெளிவந்தது. முதலில் 918 கனசென்ரிமீற்றர் எஞ்சின், 1952இல் மொரிசும் ஒஸ்ரினும் இணைந்தபின் 803, 1956இல் 948, 1962இல் 1098. 948க்கு '9 எம்' என்றும் 1098க்கு '10 எம்.ஏ.' என்றும் தொடங்கும் குறிகள் வழங்கின. பின்வரும் எழுத்து 'எச்' ஆயின் மிகு அமுக்கம், 'எல்' ஆயின் குறை அமுக்கம். ஆயின் இக்குறி கட்டையிற் பொறிக்கப்படாது, தறையாணியிட்ட சிறு தகட்டில் உளது. தகட்டைக் கழற்றி வேறொரு கட்டையிற் பொருத்துதல் அரிதன்று. 1960களில் வண்டி இறக்குமதி பெரிதும் கட்டுப்படுத்தப்பட்ட இந்நாட்டில், ஓர் எஞ்சினின் தலை மற்றொன்றின் உடலிற் சேர்ந்தமை வியப்பும் அன்று. தலையின் வார்ப்பெண் '2ஏ629' ஆயின் அது 948க்கு உரியது. '12ஜி202' ஆயின் 1098க்கு உரியது. தகடும் தலையும் முரணுமாயின், வார்ப்பையே முதற்சாட்சியாகக் கொள்க என்பது என் கருத்து.

சில ஆண்டுகளின் முன், கண்டிக்கு வடக்கேயுள்ள ஓரூரில், தேயிலைச் சாக்குகள் அடுக்கிய கொட்டகையொன்றில் ஒரு ஜீப்பைப் பார்க்க நேர்ந்தது. தம் தந்தையார் அதனைப் படையினரிடமிருந்து வாங்கியதாக உரிமையாளராகிய முதியவர் கூறினார். கட்டையைத் துடைத்தோம், 638632 தெளிவாகப் புடைத்து நின்றது. முதியவர் முகம் மலர்ந்தது. பின்னர் வெண்கட்டி பூசினோம். எண்ணின் முன் 'ஜே' என்னும் எழுத்துத் தோன்றிற்று. படைத் தலைமையகம் கண்டிக்கு வந்த 1944இல் அவ்வெஞ்சின் பிறக்கவேயில்லை. இதனை அவரிடம் எங்ஙனம் சொல்வது எனத் தயங்கி, பேச்சை மாற்றும் பொருட்டே நான் வண்டியின் சட்டத்தைக் குனிந்து நோக்கினேன் என்பதை ஒளிக்க வேண்டியதில்லை.

போர்க்கால வில்லிஸ் வண்டியின் முன்புறக் குறுக்குச் சட்டம் குழாய் போல் உருண்டிருக்கும். போர்ட் வண்டியில் அது கவிழ்த்த பள்ளம் போன்றிருக்கும். அங்கே கண்டது கவிழ்த்த பள்ளம். ஓரிரு ஆணிகளைச் சுரண்டவே 'எஃப்' எழுத்தும் தென்பட்டது. வண்டி போர்ட் செய்த போர்க்கால வண்டி. எஞ்சின் மட்டும் பின்னாளில் மாற்றப்பட்டது. போர்ட் வண்டிகள் ஆலையை விட்டு வெளிவருகையில் எஞ்சினுக்கும் சட்டத்துக்கும் எண் ஒன்றேயாதலின், தொலைந்துபோன முதல் எஞ்சினின் எண்ணும் சட்டத்தில் இருத்தல் வேண்டும். இடப்புறச் சட்டத்தின் மேற்பரப்பைத் துருப்போகத் தேய்த்தோம். ஜி.பி.டபிள்யூ. என்னும் எழுத்துக்களும் ஆறிலக்கத்தில் நான்கும் புலப்பட்டன. ஏனைய இரண்டைத் துரு தின்றுவிட்டது.

அவ்வண்டி பேராதனையில் நின்றதா என்பதை அந்நான்கு இலக்கங்கள் சொல்லா. அதற்கு முதற் பதிவுப் புத்தகம் வேண்டும். அப்புத்தகம் வீட்டில் எங்கோ ஒரு தகரப் பெட்டியில் இருப்பதாக முதியவர் கூறினார். நாங்கள் எடுத்த பென்சிற் படியை அவர் நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பெட்டியைத் தேட உள்ளே சென்றார்.