புதுச்சேரி வீழ்ச்சியும் மணிலாவின் நிகழாத விடுதலையும்

கண்டமங்கலத்துக்குக் கிழக்கே அமைந்த புதுச்சேரி 1761 ஜனவரியில் ஆங்கிலேயரிடம் வீழ்ந்ததால், சென்னைப் படைக்குக் கடல் கடக்கும் வாய்ப்புக் கிட்டியது. 1762 ஆகஸ்டில் டிரேப்பர் தலைமையில் புறப்பட்ட அப்படையில் சிப்பாய்களும் இருந்தனர். அக்டோபர் 6இல் ஸ்பானிய மணிலா சரணடைந்தது. இலோக்கோசில் கிளர்ந்தெழுந்த தியேகோ சிலாங் ஆங்கிலேயரின் துணையை நாடினார். பதவி கிடைத்தது, வாக்களித்த படை வரவில்லை. 1763 மே மாதத்தில் அவர் கொல்லப்பட்டார்.

படை சென்றிருந்தால் 1898இல் அறிவிக்கப்பட்ட பிலிப்பைன்ஸ் விடுதலை ஒரு நூற்றாண்டுக்கு மேல் முந்தியிருக்கும் எனும் கருதுகோள் ஏற்கத்தக்கதன்று. மணிலா வீழ்ந்த செய்தி ஐரோப்பாவை எட்டுமுன்பே, 1763 பிப்ரவரியின் பாரிஸ் உடன்படிக்கை அதைத் திருப்பியளிக்க வழிசெய்துவிட்டது. ஸ்பானியர் விலகியிருப்பினும் சிலாங்குக்கு வாய்த்திருக்கக்கூடியது கும்பினியின் தயவில் வாழும் ஆட்சியே. ஆர்க்காட்டு நவாபின் நிலை அதற்குச் சான்று. திரும்பாத சிப்பாய்கள் சிலர் மணிலாவுக்கருகே கைன்டாவில் குடியேறினர்.