குழாய் பதித்தவர்களின் குடிசைகள்

போன வாரம் சேலத்துக்காரரைப் பம்பாய் நடைபாதையில் விட்டுவிட்டு வந்தோம். நினைவிருக்கிறதா?

வறட்சியில் கூலி வேலையும் போய், 1961-இல் பம்பாய்க்கு ரயிலேறியவர். சொந்தமாகக் காணி நிலம் கிடையாது. தகிசரில் ஒரு ரசாயனக் கம்பெனியில் நாளுக்கு 23 ரூபாய் கூலி. தார்ப்பாயும் பிளாஸ்டிக் தாளும் போர்த்திய ஒரு மறைப்புக்காக அந்தப் பகுதி தாதாவிடம் 2,500 ரூபாய் அழுதவர். கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு நாள் கூலிக்கும் மேல்!

1981 ஜூலை 23. மாநகராட்சி ஆட்கள் வந்தார்கள். மறைப்பைப் பிரித்து எறிந்தார்கள். அவரையும் குடும்பத்தையும் சேலத்துக்கு பஸ் ஏற்றிவிட்டார்கள்.

மனைவியையும் மூன்று மகள்களையும் ஊரில் விட்டுவிட்டு, அவர் மட்டும் திரும்பி வந்தார். மறுபடியும் அதே நடைபாதை வாழ்க்கை.

ஏன் திரும்பினார்? சொந்த ஊரிலேயே இருந்திருக்கலாமே?

சேலத்தில் வேலை இல்லை. பம்பாயில் இருந்தது. அவ்வளவுதான்.

இந்தச் சின்னப் பதில்தான் இந்த வாரம் நாட்டின் உச்ச நீதிமன்றத்தில், ஐந்து நீதிபதிகள் முன்னால் நிற்கப்போகிறது. வாருங்கள், டில்லிக்குப் போவோம்.

1985 ஜூலை 10, புதன்கிழமை.

தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட். ஏழு ஆண்டுகளுக்கு மேலாக அந்த நாற்காலியில் இருப்பவர். நாளை ஓய்வு பெறுகிறார். வழக்கு விசாரணை முடிந்துவிட்டது. தீர்ப்பைச் சொல்ல அவருக்கு மிச்சமிருப்பது இன்றும் நாளையும்தான்.

அவரைப் பற்றி ஒன்றை நாம் மறக்கக் கூடாது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன், நெருக்கடி நிலைக் காலத்தில், இதே நீதிமன்றத்தில் ஒரு கேள்வி எழுந்தது. காரணம் சொல்லாமல் ஒருவரைச் சிறையில் அடைத்தால், அவர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டலாமா? அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமை அப்போதும் துணைக்கு வருமா? ஐந்து நீதிபதிகளில் நால்வர் முடியாது என்றார்கள். எதிர்த்து எழுதியவர் எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டுமே.

அந்த நால்வரில் ஒருவர், சந்திரசூட்.

இன்று அதே 21-ஆவது பிரிவு அவர் முன்னால் வந்து நிற்கிறது. ஓய்வுக்கு முந்தைய நாளில்! அவர் நெஞ்சில் என்ன ஓடியது என்பது அவருக்கே வெளிச்சம். எழுதியது என்ன என்பதுதான் நமக்குத் தெரியும்.

உடன் நான்கு நீதிபதிகள். முர்தாசா ஃபசல் அலி, துல்சாபூர்கர், சின்னப்ப ரெட்டி. நான்காமவர் நம் தமிழ்நாட்டின் வரதராஜன். உச்ச நீதிமன்றத்துக்கு வந்த முதல் பட்டியலின நீதிபதி.

எதிரே யார் யார்?

நடைபாதைக்காரர்கள் பக்கம் இந்திரா ஜெய்சிங், வி.எம். தார்குண்டே, ராம் ஜெத்மலானி. பம்பாய் மாநகராட்சிக்குக் கே.கே. சிங்வி. வழக்குக்குத் தன் பெயரையே கொடுத்தவர் ஓல்கா டெல்லிஸ். அவர் குடிசைவாசி இல்லை, பத்திரிகையாளர். செய்தி எழுதியதோடு கடமை முடிந்தது என்று அவர் போய்விடவில்லை. நடைபாதைக்காரர்களோடு சேர்ந்து மனுவில் தானும் கையெழுத்துப் போட்டார்.

இன்னொரு கூட்டத்தையும் இங்கே அறிமுகப்படுத்த வேண்டும். இந்த வாரக் கதையின் உயிரே அவர்கள்தான்.

காமராஜ் நகர்.

ஆமாம், நம் பெருந்தலைவரின் பெயர்தான். பம்பாயின் மேற்கு விரைவு நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு குடிசைப் பகுதி. 1960 வாக்கில் அந்த நெடுஞ்சாலை நெடுகத் தண்ணீர்க் குழாய் பதித்தார்கள். அந்த வேலைக்காகக் கட்டுமானக் கம்பெனி கூட்டிவந்த தொழிலாளர்கள், வேலை நடந்த இடத்துக்குப் பக்கத்திலேயே குடிசை போட்டார்கள். குழாய் பதித்து முடிந்தது. குடிசைகள் நின்றன. பிள்ளைகள் பிறந்தார்கள். இருபது ஆண்டுகள் ஓடின. அங்கே இருந்தவர்களில் மாநகராட்சி ஊழியர்களே உண்டு. ஆலைத் தொழிலாளிகள், ஓட்டல் தொழிலாளிகள், கட்டட மேஸ்திரிகள் உண்டு.

1981 ஜூலை 13-இல் முதலமைச்சர் அந்துலே அறிவித்தார். நடைபாதைவாசிகள் எல்லோரையும் அப்புறப்படுத்தி, அவரவர் ஊருக்கு அனுப்ப வேண்டும். இப்படி மழையில் கிடப்பது மனிதர்கள் வாழும் வாழ்க்கை இல்லை என்று அவர் காரணமும் சொன்னார்.

காமராஜ் நகர்க்காரர்கள் உயர் நீதிமன்றத்துக்கு ஓடினார்கள். தடை கிடைத்தது. அக்டோபர் 15 வரை இடிக்க மாட்டோம் என்று அதிகாரிகளும் ஒப்புக்கொண்டார்கள். அதற்கு இரண்டே நாள் கழித்து, பஸ்களில் அடைத்து நகரத்துக்கு வெளியே கொண்டுபோனார்கள் என்கிறது மனு. அந்தப் பயணத்தில் இரண்டு குழந்தைகள் பிறந்தன. வேறு இரண்டு உயிர்கள் போயின.

கொட்டும் மழையைக் காரணம் காட்டிக் கொட்டும் மழையிலேயே பஸ் ஏற்றினார்கள்!

சரி, நீதிமன்றத்துக்குத் திரும்புவோம். தீர்ப்பு தொடங்குகிறது. பம்பாய் மக்களில் ஏறக்குறைய பாதிப்பேர் நடைபாதையிலும் குடிசையிலும்தான் வாழ்கிறார்கள் என்பதைச் சொல்லித்தான் ஆரம்பம்.

முதல் தடை உடனே வருகிறது.

மாநகராட்சியின் வாதம் இது: “உயர் நீதிமன்றத்தில் இவர்களே ஒப்புக்கொண்டார்கள். நடைபாதையில் குடிசை போட எங்களுக்கு அடிப்படை உரிமை இல்லை என்றார்கள். அக்டோபர் 15-க்குப் பிறகு இடிப்பதைத் தடுக்க மாட்டோம் என்றார்கள். இப்போது பேச்சை மாற்றலாமா?”

வாதத்தில் வலு இருந்தது. சொன்னது சொன்னதுதானே? இது நின்றால் வழக்கு வாசலிலேயே முடிந்தது. மனுதாரர்களில் ஒருவரான நம் சேலத்துக்காரர் எழுந்து போக வேண்டியதுதான்.

நிற்கவில்லை.

அடிப்படை உரிமையை யாரும் வாய்வார்த்தையால் விட்டுக்கொடுத்துவிட முடியாது என்றது நீதிமன்றம். அந்த உரிமை தனி ஒருவருக்காக மட்டும் வைக்கப்பட்டதில்லை. தெரியாமல் ஒப்புக்கொண்டாலும், தெரிந்தே ஒப்புக்கொண்டாலும், அரசியல் சட்டத்தின் குறுக்கே அந்த ஒப்புதல் நிற்காது.

முதல் கதவு திறந்தது.

அடுத்தது பெரிய கேள்வி. உயிர் வாழும் உரிமை என்றால் என்ன? கொல்லாமல் விட்டால் போதுமா?

போதாது என்றார் சந்திரசூட். பிழைப்பைப் பறித்தால் உயிரைப் பறித்தது போலத்தான். இந்த மக்கள் நடைபாதைக்கு ஏன் வந்தார்கள்? பக்கத்தில் வேலை இருக்கிறது. தொலைவுக்குத் துரத்தினால் வேலை போகும். வேலை போனால் வாழ்வு போகும். ஆகவே, பிழைப்புக்கான உரிமையும் 21-ஆவது பிரிவுக்குள் அடங்கும்.

நாட்டின் தலைமை நீதிபதி சொல்லிவிட்டார். சேலத்துக்காரர் ஏன் திரும்பி வந்தார் என்ற கேள்விக்குப் பதில் இனி சட்டம்!

அத்துமீறிகள், குற்றவாளிகள் என்ற பேச்சுக்கும் பதில் வந்தது. இவர்கள் யாரையும் வம்புக்கு இழுக்க நடைபாதையில் படுக்கவில்லை. வேறு போக்கிடம் இல்லை. சங்கம்நேரிலிருந்து வந்த செருப்புத் தொழிலாளி ஒருவரும் மனுதாரர். பம்பாயில் பதிலி வேலை, மாதம் 350 ரூபாய். நடைபாதையில் இடம் பிடிக்க ஒரு ரௌடிக்கு 300 ரூபாய். மூங்கிலுக்கும் பிளாஸ்டிக் தாளுக்கும் 700 ரூபாய். ஆக ஆயிரம் ரூபாய், ஏறக்குறைய மூன்று மாதச் சம்பளம். அதற்குமேல் கொடுத்து வீடு எடுக்க வழி இருந்திருந்தால், மனைவி மக்களோடு எவர் தெருவில் படுப்பார்?

அடுத்து, 314-ஆவது பிரிவு. 1888-இல் வெள்ளைக்காரர்கள் இயற்றிய பம்பாய் மாநகராட்சிச் சட்டத்தில் வருவது அது. நடைபாதையில் இருக்கும் எதையும் முன்னறிவிப்பு இல்லாமல் ஆணையர் அகற்றலாம் என்கிறது. அத்துமீறியவருக்கு எதற்கு நோட்டீஸ் என்று கேட்டார் சிங்வி. அந்த வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. அகற்றலாம் என்றால் அகற்றியே தீர வேண்டும் என்று பொருளாகாது. சாதாரணமாக நோட்டீஸ் கொடுக்கத்தான் வேண்டும். வெளியேற்றப்படும் மனிதர் என்ன சொல்கிறார் என்று காது கொடுத்துக் கேட்கத்தான் வேண்டும். முடிவு மாறுமா மாறாதா என்பது வேறு. தன் பேச்சைக் கேட்டார்கள் என்பதே ஒரு மனிதனுக்குச் செய்யும் மரியாதை.

மூன்று கேள்விகள். மூன்றிலும் வெற்றி.

இந்த இடத்தில்தான் கதை திரும்புகிறது.

முன்னறிவிப்பு கொடுத்து இவர்களை விசாரித்திருக்க வேண்டும், உண்மைதான். ஆனால் அந்த விசாரணைதான் இப்போது எங்கள் முன்னாலேயே நடந்து முடிந்துவிட்டதே என்றது தீர்ப்பு. மனுதாரர்கள் சொல்ல வேண்டியதையெல்லாம் நாங்களே கேட்டுவிட்டோம். கேட்ட பிறகும், நடைபாதை நடப்பவர்களுக்குத்தான். அங்கே குடியிருக்க எவருக்கும் உரிமை கிடையாது. ஆணையர் அகற்றலாம்.

அகற்றலாம்!

நடப்பவர் பக்கமும் நியாயம் உண்டு என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். நடைபாதை அடைபட்டால் முதியவரும் பள்ளிக்கூடப் பிள்ளையும் வண்டிகளுக்கு நடுவே இறங்கி நடக்க வேண்டும். அதை நீதிமன்றம் எடை போட்டது. அதில் பிழை இல்லை.

சரி, காமராஜ் நகர்? அது நடைபாதை இல்லையே. இருபது ஆண்டு தாண்டிய குடியிருப்பாயிற்றே.

இருபது ஆண்டுக்கு மேற்பட்ட, மேம்பாடு கண்ட குடிசைப் பகுதிகளைப் பொதுத் தேவை இருந்தாலொழிய அகற்றக் கூடாது, அகற்றினால் மாற்று இடம் தர வேண்டும் என்றே தீர்ப்பு சொன்னது. காமராஜ் நகருக்கு அந்த நிழல் கிடைக்கவில்லை. அங்கே நானூற்றுக்கும் மேற்பட்ட குடிசைகள். நெடுஞ்சாலைக்குப் போகும் துணைச் சாலையின் மேல் அவை இருக்கின்றன என்றார் ஆணையர். எந்தக் குடிசைக்கும் பதிவு எண் கிடையாது என்றார். குழந்தைகள் நெடுஞ்சாலையில் ஓடி விளையாடுவதால் போக்குவரத்துக்கு ஆபத்து என்றார். நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. நடைபாதைக்கு என்ன அளவுகோலோ, காமராஜ் நகருக்கும் அதுவே.

சாலையோரம் குழாய் பதிக்க வந்தவர்களின் பிள்ளைகள், சாலைக்கு இடைஞ்சல் ஆனார்கள்.

எனக்கு இந்தத் தீர்ப்பில் மதிப்பு உண்டு. இன்று இந்தியாவில் வீடு இடிபடும் எந்த ஏழையின் வழக்கறிஞரும் முதலில் எடுத்துக் காட்டுவது இதைத்தான். ஆனால் காமராஜ் நகர் விஷயத்தில் ஒரு கேள்வி கேட்கப்படவே இல்லை. அந்த மண்ணுக்கு அவர்கள் எப்படி வந்தார்கள்? யார் கூட்டிவந்தார்கள்? அவர்கள் உழைப்பால் பயன் பெற்றது யார்? பதிவு எண் இருக்கிறதா என்று தேடிய நகரம், தன் குழாய் எவர் கையால் பதிக்கப்பட்டது என்று தேடவில்லை. நகரம் வளரும்போது நிலத்தின் வரலாற்றைப் பட்டா மட்டும் சொல்லாது. அந்த நிலத்தில் உழைத்தவர்களையும் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். கேட்காமல் போடும் எந்தப் புதுச் சாலையும், கட்டும் எந்தப் புதுக் கட்டடமும் அரைக் கணக்கில் எழும்பியதுதான்.

கடைசியில் இரண்டு விஷயங்கள் மட்டும் கைக்குக் கிடைத்தன.

ஒன்று, கெடு. மழைக்காலம் முடிந்து ஒரு மாதம் வரை யாரையும் தொடக் கூடாது. அதாவது 1985 அக்டோபர் 31 வரை.

இரண்டு, மாற்று இடம். நகரின் வடக்கே மலாடு பக்கம் மால்வாணியிலோ வேறெங்கோ, 15 அடிக்கு 10 அடி மனை. எல்லோருக்கும் இல்லை. 1976-இல் அரசு எடுத்த கணக்கெடுப்பில் பெயர் ஏறியவர்களுக்கு மட்டும்.

இங்கேதான் சிக்கல். 1976-இல் குடிசைப் பகுதிகளைத்தான் அரசு எண்ணியது. நடைபாதையில் படுத்திருந்தவர்களில் பெரும்பாலானவர்களை எவரும் எண்ணவே இல்லை. பெயர் இல்லை. அட்டை இல்லை. ஆகவே மனையும் இல்லை.

இன்னும் நான்கு மாதம்கூட இல்லை. அரசின் கணக்கில் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்?

பைகல்லா நடைபாதையில் சில பெண்கள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அரசு எங்களை எண்ணாவிட்டால், எங்களை நாங்களே எண்ணுகிறோம்! ஷீலா பட்டேலும் அவருடைய ‘ஸ்பார்க்’ அமைப்பின் தோழியரும் துணைக்கு வர, தெருத்தெருவாக, குடிசை குடிசையாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. அந்தக் கணக்கு வெளியானபோது பம்பாய் தன் நடைபாதைகளில் யாரைக் கண்டது? நவம்பர் 1-ஆம் தேதி காலை மாநகராட்சி லாரிகள் வந்தனவா?

அடுத்த வாரம் சொல்கிறேன். அதுவரை உங்கள் ஊரில் புதிதாகப் போட்ட ஒரு சாலையையாவது பாருங்கள். அங்கே முன்பு குடியிருந்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று பக்கத்துக் கடைக்காரரிடம் விசாரித்து வையுங்கள்.

(தொடரும்)