‘புனைதல்’: ஒரு வினைச்சொல்லின் சமூக வரலாறு

அழகுபடுத்துதல் என்னும் கருத்தைத் தரும் தமிழ் வினைகளுள் ‘புனை’ என்பது இன்று ஐயத்துக்குரிய சொல்லாகிவிட்டது. ஒருவன் புனைந்து கூறுகிறான் என்றால் பொய்யுரைக்கிறான் என்றே கொள்கிறோம். புனைபெயர் உண்மைப் பெயரன்று. புனைகதை நடந்த கதையன்று. ஆயின் இச்சொல்லின் பழைய வழக்குகளை ஒருங்கு வைத்து நோக்கும்போது வேறொரு காட்சி புலப்படுகிறது.

சங்கச் செய்யுட்களில் மாலையும் புனையப்படுகிறது, தேரும் புனையப்படுகிறது. தச்சனது ஆக்கத்தொழில் எவ்விடத்தில் முடிகிறது, அழகு எவ்விடத்தில் தொடங்குகிறது என அச்சொல் பிரித்துக் காட்டுவதில்லை. திருமுருகாற்றுப்படை இயற்கையழகைக் கூறுமிடத்து, கையாற் புனைந்து செய்யப்படாத அழகென எதிர்மறையாகவே சுட்டுகிறது. புனைதல் கையின் தொழில் என்பது அங்கு எடுத்துக்கொள்ளப்பட்ட உண்மை. நெடுநல்வாடையில் அணிகலன் நீத்த அரசிக்கு உவமையாவது, கோட்டளவில் நின்று வண்ணம் பெறாத ஓவியம். வண்ணமிடுதலே அங்குப் புனைதல். அஃதின்றி ஓவியனின் வேலை முற்றுப்பெறவில்லை.

ஓலை முடைதலையும் இச்சொல்லின் பொருள்களுள் ஒன்றாக அகராதிகள் தருகின்றன. யாழ்ப்பாணத்திலே பாயும் பெட்டியும் ‘இழைக்க’ப்படுவன, அந்த ‘இழை’யே பழந்தமிழில் அணிகலனுக்கும் பெயர். ‘சேயிழை’க்குப் பொருள் கூறும் நமது வகுப்பறைகள் பெட்டியிழைக்கும் பெண்ணை நினைப்பதில்லை.

இதனால் அக்காலத்தை முரண்பாடற்ற பொற்காலமாகக் கொள்ளுதல் தவறாகும். அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார் பாடியதாகக் கூறப்படும் புறநானூற்று 95ஆம் பாடல் ஈண்டு நோக்கற்பாலது. பீலியும் மாலையும் அணிந்து காவலிற் கிடக்கும் படைக்கலங்களும், போரிற் சிதைந்து கொல்லன் உலைக்களத்திற் கிடக்கும் படைக்கலங்களும் அதில் எதிரெதிரே வைக்கப்படுகின்றன. புகழ்வது போன்ற குரலில் ஏளனம் செய்யப்படுவது பயனினின்றும் பிரிந்த அலங்காரமே. சேமித்து வைக்க வல்லவனிடத்திலேயே அப்பிரிவு முதலில் தோன்றுகிறது.

அது கோட்பாடானது பின்னரே. தொல்காப்பியத்தில் உவமவியல் உண்டு, அணியியல் இல்லை. 11ஆம் நூற்றாண்டின் வீரசோழியம் அலங்காரத்தை இலக்கணத்தின் ஐந்தாம் பிரிவாக்கிற்று. அடுத்த நூற்றாண்டின் தண்டியலங்காரம் பொருளணிகளை 35 என வகுத்தது. (வடமொழியிலும் ‘அலம்’ என்பது ‘போதும்’ எனப் பொருள்படுவது, அலங்காரம் ஒருகால் போதியதாக்குதலே.) அணி இப்போது பெயரிட்டு எண்ணத்தக்க தனிப்பொருளாயிற்று. அக்காலத்துத் தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டுக்களும் அணிகலன்களை எடையிட்டு, மணிகளை எண்ணிப் பதிந்தன. இவ்விரண்டையும் காரண காரியமாக இணைத்தல் கொச்சை மார்க்சியமாகும். எனினும் எண்ணிப் பதியும் மனப்பாங்கு இரண்டற்கும் பொது என்பதை மறுத்தற்கில்லை.

1960களின் ஈழத்து இலக்கிய விவாதங்களில் முற்போக்கு எழுத்தாளர் அழகினைப் புறக்கணித்தனர் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. பொருளே முதன்மை, அழகு பின்னர் என நம்மவர் சிலர் விடையிறுத்தனர். குற்றஞ்சாட்டியவரைப் போலவே இவர்களும் அழகு பின்னர்ச் சேர்க்கப்படுவது என்றே எண்ணினர். அவ்விடை தண்டியாசிரியரின் பட்டியலுக்குள்ளிருந்து வந்ததேயன்றி, தேர் புனைந்த தச்சனிடமிருந்து வந்ததன்று.