நீரழுத்தப் பாறைத் துளைப்பொறியும் சிம்ப்ளான் சுரங்கப்பாதையும்

முன்னுரை

ஆல்ப்ஸ் மலைத்தொடரைக் குடைந்து அமைக்கப்பட்ட இருப்புப்பாதைச் சுரங்கங்களின் வரலாறு பெரும்பாலும் வெடிமருந்தின் வரலாறாகவே எழுதப்படுகிறது. வெடிமருந்தை இடுவதற்கான துளை எவ்வாறு போடப்பட்டது என்னும் வினா போதிய கவனம் பெறவில்லை. துளையிடும் ஆற்றலாகக் காற்றுக்குப் பதில் நீர் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, கருவி மட்டுமன்றிச் சுரங்கத்தின் அமைப்பும் தொழிலாளர் பணிச்சூழலும் மாறின என்பதை ஆல்ஃபிரட் பிராண்டின் துளைப்பொறியை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

அழுத்தக் காற்றின் பயனும் எல்லையும்

கோத்தார்டு சுரங்கத்தில் (1872–1882) அழுத்தக் காற்றால் இயங்கும் பொறிகள் உளியைப் பாறைமீது மீண்டும் மீண்டும் மோதச்செய்து துளையிட்டன. காற்றை அழுத்துகையில் ஆற்றலின் பெரும்பகுதி வெப்பமாக வீணாயிற்று. ஆயினும் பொறியிலிருந்து வெளியேறிய காற்றே தோண்டுமுகப்பில் இருந்தோர்க்கு மூச்சுக்காற்றாகவும் உதவியது. அது போதவில்லை. வெப்பம், வெடிப்புகை, கொக்கிப்புழு நோய் ஆகியவற்றால் தொழிலாளர் நலிந்தனர். 1875இல் கோஷனனில் நடந்த வேலைநிறுத்தத்தின்போது நால்வர் சுட்டுக்கொல்லப்பட்டனர். அப்பணியில் ஏறத்தாழ 200 பேர் உயிரிழந்தனர்.

பிராண்டின் பொறி

1870களில் பிராண்டு உருவாக்கிய பொறி பாறையை மோதவில்லை, அழுத்தி நொறுக்கியது. ஏறத்தாழ 100 வளிமண்டல அழுத்தமுள்ள நீர், உள்ளீடற்ற எஃகுத் துளைமுனையைப் பல டன் விசையுடன் பாறைமீது அழுத்தியது. நீரால் இயங்கிய சிறு இயந்திரங்கள் அதனை மெதுவாகச் சுழற்றின. முனையின் பற்கள் பாறையைச் சில்லுகளாகப் பெயர்த்தன. பொறியைத் தாங்கிய தூணும் நீரழுத்தத்தாலேயே சுவர்களுக்கிடையே இறுக்கி நிறுத்தப்பட்டது. பயன்பட்ட நீர் துளைமுனையின் உள்வழியே பாய்ந்து, அதைக் குளிர்வித்துப் பாறைத்தூளைக் கழுவி வெளியேற்றியது. இதனால் காற்றில் தூசு பரவுவது பெரிதும் குறைந்தது.

ஆஸ்திரியாவின் ஆர்ல்பெர்க் சுரங்கத்தில் (1880–1884) மேற்குப்புறம் பிராண்டின் பொறியும் கிழக்குப்புறம் காற்றுப்பொறியும் இயங்கின. ஒரே மலையில் இருமுறைகளையும் ஒப்பிடும் வாய்ப்பு இவ்வாறு கிட்டியது.

சிம்ப்ளானில் நேர்ந்த மாற்றம்

சுவிட்சர்லாந்தின் பிரிக் நகரையும் இத்தாலியின் இசெல்லேயையும் இணைக்கும் 19.8 கி.மீ. நீளச் சிம்ப்ளான் சுரங்கப்பணி 1898இல் தொடங்கியது. வடபுறம் ரோன் ஆறும் தென்புறம் டிவேரியா ஆறும் இயக்காற்றல் தந்தன.

நீர்ப்பொறிக்கு ஒரு குறை உண்டு: அது மூச்சுக்காற்றைத் தராது. எனவே காற்றோட்டத்தைத் தனியே திட்டமிட வேண்டியதாயிற்று. முதன்மைச் சுரங்கத்திற்கு இணையாக 17 மீட்டர் தொலைவில் மற்றொரு குடைவு வெட்டப்பட்டது. விசிறிகள் அதன் வழியே காற்றைச் செலுத்தின. வடிகாலாகவும் அது பயன்பட்டது. பாறை வெப்பம் 50 பாகை செல்சியசைக் கடந்தபோது, குளிர்நீரைத் தெளித்துக் காற்றைத் தணித்தனர். பிராண்டு 1899இல் மறைந்தார். 1905 பிப்ரவரி 24இல் இருபுறக் குடைவுகளும் சந்தித்தன. 1906இல் போக்குவரத்து தொடங்கியது.

இங்கு விபத்துகளில் இறந்தோர் 67 பேர் எனப் பதிவாகியுள்ளது. கோத்தார்டைவிட நீளமான சுரங்கத்தில் காணும் இக்குறைவைத் துளைப்பொறிக்கு மட்டுமே உரித்தாக்க இயலாது. குளியலறைகள், உலர் உடைகள், மருத்துவ ஏற்பாடுகள் ஆகியவற்றுக்கும் இதில் பங்குண்டு.

முடிவுரை

இலகுவான காற்றுச்சுத்தியல் பொறிகள் பின்னர்ப் பிராண்டின் பொறியை வழக்கொழியச் செய்தன. எனினும் உள்ளீடற்ற முனைவழியே நீரைப் பாய்ச்சித் தூசை அடக்கும் முறை காற்றுப்பொறிகளிலும் இடம்பெற்று நிலைத்தது. ஆகவே ஒரு பொறியை அது ஒரு நாளில் குடைந்த நீளத்தால் மட்டும் அளவிடும் தொழில்நுட்ப வரலாறு முழுமையடையாது. அப்பொறியருகே நின்றவர்கள் எத்தகைய காற்றைச் சுவாசித்தனர் என்பதும் அவ்வரலாற்றின் அளவுகோலாதல் வேண்டும்.