எண்ணிக்கையும் பயனும்

சீர்காழி என்ற பெயரைக் கேட்டதும் தமிழர் நெஞ்சில் முதலில் எழுவது திருஞானசம்பந்தரின் திருவுருவமே. அதே சீர்காழியில், 1892-ஆம் ஆண்டில், உலகெங்குமுள்ள நூலகர்கள் தம் ஆசானாகக் கருதும் பெரியார் ஒருவரும் தோன்றினார். அவரே எஸ். ஆர். ரங்கநாதன். அன்று சீர்காழி பழைய தஞ்சாவூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. இன்று மயிலாடுதுறை மாவட்டத்தில் அடங்கும்.

இக்காலத்துப் பல்கலைக்கழகங்களில் ஓர் ஆய்வாளரின் தகுதியை அளக்க இரண்டு வினாக்களைக் கேட்கிறார்கள். அவர் எத்தனை கட்டுரைகள் எழுதினார்? அவற்றைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினர்? பதவியும் உயர்வும் பெரும்பாலும் இவ்விரண்டு எண்களைப் பற்றியே நிற்கின்றன. இத்தகைய அளவைகளுக்கு வித்திட்டவர்களுள் நம் சீர்காழிக்காரரும் ஒருவர் என்பதைப் பலர் அறியார். ஆகவே அவருடைய வரலாற்றைக் கொண்டே இந்த எண்களின் இயல்பைச் சற்று ஆராய எண்ணுகிறேன்.

ரங்கநாதன் நூலகராகப் பிறந்தவர் அல்லர். என்னைப் போலவே ஆசிரியப் பயிற்சி பெற்றவர். சீர்காழி சபாநாயக முதலியார் இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதம் கற்று, சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் பயிற்சி முடித்து, அரசினர் கல்லூரிகளில் கணிதம் போதித்து வந்தார். 1924-ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக அமர்ந்தார். மாணவர் ஆரவாரத்துக்குப் பழகியவருக்கு அந்த இடத்தின் தனிமை பொறுக்கவில்லை. மீண்டும் வகுப்பறைக்கே போய்விடுகிறேன் என்று மன்றாடினார். முதலில் இங்கிலாந்து சென்று நூலகக் கல்வி பெற்று வருக, பிறகு பார்க்கலாம் என்றனர் பெரியோர். லண்டனில் பேர்விக் சேயர்ஸ் என்ற அறிஞரிடம் பயின்றார். பல நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். 1925-இல் திரும்பியபோது அவர் மனம் முழுவதும் மாறியிருந்தது.

1931-இல் நூலகவியலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். அவற்றுள் முதல் விதியின் கருத்து மிக எளியது: நூல்கள் காக்கப்படுவதற்காக அல்ல, பயன்படுவதற்காகவே உள்ளன. அதே ஆண்டு அக்டோபரில் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில், கனகசபைப் பிள்ளை என்பவரின் முயற்சியால், மாட்டு வண்டியில் ஒரு நூலகம் புறப்பட்டு ஊர் ஊராகச் சென்றது. ரங்கநாதன் ஊட்டிய ஆர்வத்தின் விளைவு அது. 1933-இல் அவருடைய கோலன் பகுப்புமுறை வெளிவந்தது. முக்காற்புள்ளியால் கூறுகளை இணைப்பதால் அப்பெயர் பெற்றது. தஞ்சையில் 1950-ஆம் ஆண்டில் நெற்பயிர் நோயைத் தடுத்த வரலாறு என்று ஒரு நூல் இருப்பதாகக் கொள்வோம். நெற்பயிர் ஒரு கூறு, நோய்த் தடுப்பு ஒரு கூறு, தஞ்சை இடம், 1950 காலம். எக்கூற்றைப் பற்றித் தேடி வருபவருக்கும் அந்நூல் அகப்பட வேண்டும் என்பதே அவர் நோக்கம்.

கணித ஆசிரியரின் கண் அவரை விட்டு நீங்கவில்லை. 1948-இல் இங்கிலாந்தின் லெமிங்டன் ஸ்பா நகரில் கூடிய மாநாட்டில், உயிரியலுக்கும் பொருளியலுக்கும் அளவைமுறைகள் தோன்றியது போல நூலகத் துறைக்கும் ஒன்று தோன்ற வேண்டும் என்று கூறி, அதற்கு லைப்ராமெட்ரி என்று பெயரிட்டார். சென்னை மாகாணத்தின் பொது நூலகச் சட்டம் நிறைவேறியதும் அதே ஆண்டில்தான்.

இதற்கு முன்பே, 1927-இல், கிராஸ் என்ற பெயருடைய இருவர், ஒரு கல்லூரி நூலகம் எந்த ஆய்விதழ்களை வாங்க வேண்டும் என்று அறியும் பொருட்டு, வேதியியல் இதழ் ஒன்றின் அடிக்குறிப்புகளை எண்ணிப் பார்த்தனர். 1955-இல் அமெரிக்கரான யூஜின் கார்ஃபீல்டு மேற்கோள் அட்டவணை என்ற திட்டத்தை முன்வைத்தார். 1963-இல் அது 613 இதழ்களின் மேற்கோள்களைத் திரட்டி நூலாக வெளிவந்தது. 2005-இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் வேறொரு கணக்கைச் சொன்னார். ஒருவருடைய கட்டுரைகளில் பத்து, ஒவ்வொன்றும் பத்து முறையாவது மேற்கோள் காட்டப்பட்டால், அவருடைய எண் பத்து. ஐந்தே நூல்கள் எழுதி, அவை ஐந்தும் ஆயிரம் முறை எடுத்தாளப்பட்டாலும், அவருடைய எண் ஐந்தைத் தாண்டாது!

தொடக்கத்தில் இவையெல்லாம் நூலகருக்கு உதவ எழுந்தவை என்பதை நேயர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். எந்த இதழை வாங்குவது, எந்தக் கட்டுரையைத் தேடுவது என்று அறிவதற்காக ஏற்பட்ட அளவுகோல், நாளடைவில் மனிதரை அளக்கும் கோலாயிற்று.

ரங்கநாதனையே அக்கோலால் அளந்து பார்ப்போம். ஏறத்தாழ 60 நூல்களும் ஆயிரத்துக்கு மேற்பட்ட கட்டுரைகளும் எழுதினார். கார்ஃபீல்டே 1984-இல் தம் இதழில் இரண்டு பகுதிகளாக அவரைப் போற்றிக் கட்டுரை எழுதினார். ஆயினும் அவர் உழைப்பில் பெரும்பகுதி நூல்களாகவும் இந்திய இதழ்களிலும் வெளிவந்தது. அட்டவணையோ பெரும்பாலும் மேனாட்டு ஆய்விதழ்களின் அடிக்குறிப்புகளையே படித்தது. மற்றொன்றும் உண்டு. இன்று கணினியில் பொருள் வாங்குவோர் விலை, நிறம், அளவு என்று கூறு கூறாகப் பிரித்துத் தேடுகிறார்கள். கூறுகளாகப் பகுக்கும் அம்முறையை நூலகவியலில் வளர்த்தவர் ரங்கநாதன். தேடுவோர் எவரும் அவர் பெயரை அடிக்குறிப்பில் இடுவதில்லை. ஒரு கருத்து முற்றிலும் பொதுவுடைமை ஆகும்போது மேற்கோள் நின்றுவிடுகிறது. வாய்க்காலில் நீர் பாய்ச்சும் உழவர் கல்லணையைக் கட்டியவன் பெயரை நாள்தோறும் சொல்வதில்லை அல்லவா?

அதனால் எண்ணிக்கையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மேட்டூரில் எத்தனை கன அடி திறந்தார்கள் என்ற கணக்கு நமக்கு வேண்டும். ஆனால் கடைமடை வயல் நனைந்ததா என்று போய்ப் பார்ப்பதும் வேண்டும். எழுதிய கட்டுரைகளின் தொகை முதற்கணக்கு. மேற்கோளின் தொகை, வாய்க்காலின் நடுவே நின்று எடுத்த கணக்கு. கடைமடைக் கணக்கைப் படித்துப் பார்ப்பவரே எடுக்க முடியும்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். தவறு செய்தவன் என்ற தகுதிதான். நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளியில் மூன்று அலமாரி நிறைய நூல்கள் இருந்தன. ஆண்டுதோறும் இருப்புப் பதிவேட்டைச் சரிபார்ப்பேன். ஒரு நூல்கூடக் குறையாது. அதைப் பெருமையாக எண்ணினேன். ஒருநாள் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் விண்மீன்களைப் பற்றிய நூல் ஒன்றைக் கேட்டான். தேர்வு முடியட்டும் என்றேன். தேர்வு முடிந்தது, அவன் மீண்டும் கேட்கவில்லை. நானும் அழைத்துக் கொடுக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து அந்நூலை எடுத்துப் பார்த்தேன். வழங்கிய நாளைக் குறிக்கும் சீட்டில் ஒரு தேதிகூட இல்லை. என் பதிவேட்டில் அது ஒரு நூல். எந்த மாணவனுக்கும் அது நூலாக இருந்ததில்லை.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டில் அலமாரிகளின் பூட்டைக் கழற்றினேன். அவ்வாண்டு 11 நூல்கள் திரும்பி வரவில்லை. அவற்றின் விலையை நானே செலுத்தி, பதிவேட்டில் அவ்வாறே குறித்துக் கையெழுத்திட்டேன். என் பணிக்காலத்தில் குறைவு காட்டிய இருப்புக் கணக்கு அது ஒன்றுதான். அந்தப் பதினொன்றும் எந்தெந்த வீட்டில், எவர் கையில் இருக்கின்றனவோ, அங்கே படிக்கப்படட்டும்.