எரிமலை இல்லாத கடற்கரை

போன வருஷம் மனைவி, பையனோடு மொரீஷியஸின் தெற்குக் கரையை ஒரே நாளில் சுற்றி வந்தேன். வேலைக்காக இந்தத் தீவுக்கு வந்து ஆறு வருஷமாச்சு. வங்கி, வீடு, சனிக்கிழமை சந்தை என்றே காலம் ஓடிவிட்டது. ஊரிலிருந்து யாராவது வந்தால்தான் சுற்றிப் பார்ப்பது என்று ஒரு கெட்ட பழக்கம் நமக்கெல்லாம் உண்டே, அதேதான். பையன் அடம்பிடிக்கவும் ஒரு வழிகாட்டியை வண்டியோடு தனியாக அமர்த்திக்கொண்டோம்.

அவருக்கு ஐம்பது வயதிருக்கும். பேரின் வாலில் ஒரு 'சாமி' ஒட்டிக்கொண்டிருந்தது. தமிழரா என்று கேட்டேன். "தமூல், தமூல்" என்று பிரெஞ்சு வாடையோடு சொல்லிச் சிரித்தார். தமிழ் பேச வராது. தைப்பூசத்துக்குத் தவறாமல் காவடி எடுப்பாராம். பிரெஞ்சுக்காரர்கள் காலத்திலேயே பாண்டிச்சேரிப் பக்கத்துக் கொத்தனார்களும் தச்சர்களும் இங்கே வந்துவிட்டார்கள். 1834-க்குப் பிறகு கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் தனி. அவருடைய முன்னோர் இதில் எந்தக் கூட்டம் என்று அவருக்கே தெரியவில்லை.

ஆனால் கல்லைப் பற்றிக் கேட்டால் மனுஷன் அருவிபோல் கொட்டுகிறார். இந்தத் தீவு முழுக்க எரிமலை கக்கியது. ஏறக்குறைய 80 லட்சம் வருஷத்துக்கு முன்பு கடலுக்குள்ளிருந்து எழும்பி வந்தது. இங்கே இப்போது எரிமலை தூங்கிவிட்டது, பக்கத்துத் தீவான ரீயூனியனில் இன்னும் கக்கிக்கொண்டிருக்கிறது. தீவைச் சுற்றிப் பவளப்பாறை வேலி போட்டதுபோல இருக்கிறது. தெற்கே கிரி கிரி என்ற இடத்தில் அந்த வேலி விட்டுப்போயிருக்கிறது. அதனால் அலை நேராக வந்து கருங்கல் செங்குத்தில் அறைகிறது. பக்கத்தில் 'அழும் பாறை' என்று ஒன்று. அலை அடித்துத் திரும்பும்போது பாறை முகத்தில் தண்ணீர் வழிவது நிஜமாகவே அழுவது மாதிரிதான் இருக்கிறது.

எனக்கு மறக்காதது அது இல்லை. திரும்பும் வழியில் கரும்புக்காட்டுக்கு நடுவே பெரிய பெரிய கற்குவியல்கள். ஏதோ கோட்டை இடிந்து கிடக்கிறது என்று நினைத்தேன். எரிமலைக் கல் நிறைந்த நிலத்தில் கரும்பு நட வேண்டுமென்றால் முதலில் கல்லைப் பொறுக்க வேண்டும். அடிமைகளும், பின்னால் கூலிகளும், கையால் பொறுக்கிக் குவித்தவை அவை. வழிகாட்டி வண்டியை நிறுத்தி, "என் தாத்தாவின் தாத்தாவும் இதில் சில கல்லைத் தூக்கியிருப்பார்" என்றார். அப்புறம் சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார்: "உங்கள் ஊர்க் கரை எப்படி உண்டானது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "மணல், தென்னை, மீன்" என்று என்னவோ உளறினேன்.

எனக்கு ஊர் பாறசாலைக்குப் பக்கம். திருவனந்தபுரம் மாவட்டம், நெய்யாற்றின்கரை தாலுகா. வீட்டிலிருந்து ஒரு நடை நடந்தால் களியக்காவிளை, அது தமிழ்நாடு. தெற்கே பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் கடல். நான் படித்தது பி.காம். சரித்திரம் எல்லாம் பத்தாம் வகுப்போடு சரி. முகலாயர்களின் வரிசை இன்னும் ஞாபகம் இருக்கிறது, வீட்டுக்குப் பின்னாடி ஓடும் கால்வாயை யார் வெட்டினார் என்று தெரியாது. அந்தக் கேள்வி கொஞ்ச நாள் முள்ளாகக் குத்தியது. இந்த முறை லீவில் ஊருக்குப் போனபோது பெரியப்பா மகன் அண்ணனையும் இழுத்துக்கொண்டு பூவாற்றில் ஒரு வள்ளம் பிடித்தேன். சொந்த ஊரிலேயே காசு கொடுத்து டூரிஸ்ட் ஆன கதை :-)

பூவாற்றில் நெய்யாறு கடலோடு சேருகிறது. அகத்தியமலையில் பிறந்து வருகிற ஆறு. கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவே ஒரு மணல் திட்டு. விளம்பரத்தில் இதைத்தான் 'பூவாறு தீவு' என்கிறார்கள். தீவும் இல்லை, ஒன்றும் இல்லை. மழைக்காலத்தில் பொழி திறக்கும், மற்ற காலத்தில் மணல் வந்து அடைக்கும், அவ்வளவுதான். மிதக்கும் ஹோட்டல், கண்டல் காடு, ஆனைப்பாறை என்று வள்ளக்காரர் வரிசையாகக் காட்டினார். மார்த்தாண்டவர்மா எதிரிகளுக்குப் பயந்து ஒளிந்து வந்தபோது இங்கே ஒரு முஸ்லிம் வியாபாரி அடைக்கலம் கொடுத்தார் என்றும், ஆற்றில் பூ மிதந்து வந்ததைப் பார்த்து ராஜாவே பூவாறு என்று பெயர் வைத்தார் என்றும் சொன்னார். கதைதான், ஆனால் அழகான கதை.

எங்களுக்கு வேண்டியது வேறு. "அண்ணே, ஏ.வி.எம். சானல் வழியா பொழியூர் வரைக்கும் போகலாமா?" என்று கேட்டேன். அவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டு வள்ளத்தைத் திருப்பினார். கொஞ்ச தூரத்திலேயே நிறுத்திவிட்டார். "சாரே, இதுக்கு மேல போவாது. முழுக்கப் பாயலாக்கும்." முன்னால் தண்ணீரே தெரியவில்லை, பச்சை மெத்தை விரித்த மாதிரி இருந்தது.

ஏ.வி.எம். என்றதும் சினிமா ஸ்டுடியோ ஞாபகம் வருகிறவர்களுக்கு: இது அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய். அனந்தன் என்றால் பத்மநாபசாமி, விக்டோரியா லண்டன் மகாராணி, மார்த்தாண்டன் அப்போதைய திருவிதாங்கூர் ராஜா உத்திரம் திருநாள் மார்த்தாண்டவர்மா. சாமி, மேலதிகாரி, முதலாளி என்று மூன்று பேரையும் ஒரே பெயரில் திருப்திப்படுத்திய புண்ணியவான் யாரோ, எங்கள் வங்கியில் இருந்திருந்தால் சீக்கிரம் பதவி உயர்வு கிடைத்திருக்கும். 1860-ல் வேலை தொடங்கியது. அதே ராஜாதான் அதற்கு முந்தின வருஷம், 1859 ஜூலையில், நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று பிரகடனம் போட்டவர். அந்தக் கலவரம் பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும்கூட நடந்தது. அந்த ராஜா 1860-லேயே இறந்துபோனார்.

திட்டம் என்னவென்றால் பூவாற்றிலிருந்து கடற்கரை ஓரமாகவே கன்னியாகுமரி வரைக்கும் நீர்வழி. வடக்கே திருவனந்தபுரத்திலிருந்து மலபார் பக்கம் போக ஏற்கெனவே காயலும் கால்வாயும் இருந்தன. இதுவும் முடிந்திருந்தால் குமரிமுனையில் வள்ளம் ஏறியவன் வடக்கே எங்கேயோ போய் இறங்கியிருக்கலாம். முடியவில்லை. தெற்கே மண்டைக்காட்டுப் பக்கத்தோடு நின்றது. வடக்கே கோவளம், விழிஞ்ஞம் குன்றுகளைத் தாண்டிப் பூவாற்றோடு சேர்க்கவும் இல்லை. இரண்டு முனையும் தொங்கலில் விட்ட கால்வாய். ஆனாலும் நடுவில் இருந்த துண்டு உயிரோடுதான் இருந்தது. அம்மச்சி சின்னப் பிள்ளையாக இருந்தபோது தேங்காயும் தொண்டும் ஏற்றிய வள்ளங்கள் இதில் போகுமாம். தொண்டு அழுகும் நாற்றத்தை வைத்தே கால்வாய் வந்துவிட்டது என்று தெரியுமாம்.

2016-ல் மத்திய அரசு கொண்டுவந்த நீர்வழிச் சட்டத்தில் இது 13-ஆம் எண் தேசிய நீர்வழி. பூவாறு கடற்கரை முதல் இரையுமன்துறைப் பாலம் வரை 11 கிலோமீட்டர். பட்டியலில் இருக்கிறது. பாயலும் இருக்கிறது.

வள்ளத்தை விட்டு ஆட்டோ பிடித்தோம். பொழியூர், பருத்தியூர், தெற்கே கொல்லங்கோடு. கடற்கரையில் இறங்கினால் வெள்ளை மணலுக்கு நடுவே கறுப்புக் கறுப்பாக வரி. பையன் உடனே, "அப்பா, எரிமலை மணல்!" என்றான். நானும் ஒரு நிமிஷம் அசந்துவிட்டேன். இல்லை, இது இல்மனைட், மோனசைட் கலந்த மணல். மலைப்பாறை கரைந்து ஆற்றில் வந்து, கடல் அலசிக் கரையில் ஒதுக்கியது. விழிஞ்ஞத்தில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறையும் அந்தச் சாதிதான், பூமியின் வயிற்றில் வெந்து உருமாறி ஐம்பது கோடி வருஷத்துக்கு மேலாகிறது. மொரீஷியஸின் கல் இதன் முன்னால் கைக்குழந்தை. 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், ஊரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, மணவாளக்குறிச்சியில் மோனசைட்டைக் கண்டுபிடித்தார். அதிலிருக்கும் தோரியம் அப்போது கேஸ் விளக்கின் வலைக்குத் தேவைப்பட்டது. கயிறு விற்றவனுக்குத் தெரியாது, கயிற்றோடு போன தூசிதான் விலை கூடியது என்று.

ஆக, வழிகாட்டிக்குக் கல் விஷயத்தில் பதில் கிடைத்துவிட்டது. ஆனால் இந்தக் கரை 'உண்டானது' பாறையால் மட்டும் இல்லை. கொல்லங்கோட்டைத் தாண்டி நடந்தால் நீரோடி. அதே மணல், அதே வலை, அதே பேச்சு. ஆனால் கொல்லங்கோட்டோடு கேரளம் முடிகிறது, நீரோடியில் தமிழ்நாடு தொடங்குகிறது. இந்தக் கோடு எரிமலையை விடப் புதுசு. 1956 நவம்பர் 1.

பாட்டா (தாத்தாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) அந்தக் கோட்டோடு கடைசிவரை சமாதானம் ஆகவில்லை. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட தாலுகாக்களில் நெய்யாற்றின்கரையும் உண்டு. நேசமணி பேசும் கூட்டங்களுக்குப் பாட்டா சைக்கிளில் போவாராம். 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. அம்மச்சிக்குப் பிறந்த ஊர் புதுக்கடைப் பக்கம். அவளுடைய அண்ணன் அன்று சந்தைக்குப் போனவர் ராத்திரிதான் வீடு வந்தார், செருப்பு இல்லாமல். அப்போது ஆட்சியில் இருந்தது பட்டம் தாணுப்பிள்ளை. லோகியா தன் கட்சியின் ஆட்சியையே ராஜினாமா செய்யச் சொன்னார். அவர் செய்யவில்லை, 1955 தொடக்கத்தில் அந்த ஆட்சி தானாகவே கவிழ்ந்தது. அதே வருஷம் வந்த பசல் அலி ஆணைய அறிக்கை தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகியவற்றைத் தமிழ்நாட்டுக்கு என்றது. நெய்யாற்றின்கரையில் தெற்கு ஓரத்தில்தான் தமிழர், தாலுகா மொத்தத்தில் மலையாளமே அதிகம். கணக்குப்படி சரிதான். நானும் தினம் கணக்குப் பார்க்கிறவன், மொத்தத்தில் சரியாக வரும் கணக்கு ஓரத்தில் இருப்பவனுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

கோடு விழுந்ததும் பாட்டாவின் வீடு இந்தப் பக்கம், அம்மச்சியின் அண்ணன் வீடு அந்தப் பக்கம். பாட்டா சாகும்வரை காலையில் களியக்காவிளைக்கு நடந்துபோய்த் தமிழ்ப் பத்திரிகை வாங்கிவந்தார். அப்பா மலையாளத்தில் படித்தார். நான் வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். பள்ளியில் 'பாண்டி' என்பார்கள், நாகர்கோவிலில் கல்லூரிக்குப் போனால் 'மலையாளத்தான்' என்பார்கள். பழகிவிட்டது.

இங்கே மொரீஷியஸுக்கு வந்த முதல் வாரம் கல்லாவில் நூறு ரூபாய் நோட்டைக் கையில் வாங்கியபோது கொஞ்ச நேரம் எண்ணாமல் நின்றுவிட்டேன். அதில் தமிழ் இருந்தது. படத்தில் இருப்பவரும் ரெங்கநாதன் சீனிவாசன், தமிழர். 1998-ல் புது நோட்டு அடித்தபோது தமிழை மூன்றாவது இடத்துக்குத் தள்ளி இந்தியை இரண்டாவதாகப் போட்டுவிட்டார்கள். தமிழர்கள் கொதித்து எழுந்தார்கள். மத்திய வங்கி அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, பழைய வரிசையில் மறுபடி அடித்தது. பேச வராத மொழிக்கு இவ்வளவு ரோஷமா என்று என்னோடு வேலை பார்க்கும் ஒரு வட இந்தியர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பாட்டாவின் ஞாபகம்தான் வந்தது.

கோட்டினால் பட்ட பாடு மொழியோடு நிற்கவில்லை. நெய்யாறு இடதுகரைக் கால்வாய் விளவங்கோட்டு வயலுக்கும் தண்ணீர் கொண்டுபோனது. 2004-ல் கேரளம் நிறுத்தியது, வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி அடித்தபோது இரண்டு பக்கத்து ஆட்களும் ஒரே கடலில், சில வள்ளங்களில் ஒன்றாகவே, போனார்கள். கேரளம் செத்தவர் குடும்பத்துக்கு 20 லட்சம் என்றது, தமிழ்நாடு முதலில் 10 லட்சம் என்றது. அப்புறம் அதுவும் 20 ஆனது. அந்தச் சில நாட்களில், ஒரே அலையில் போன உயிருக்கு எந்தக் கரை என்று பார்த்து விலை இருந்தது. இப்போது தெற்குக் கொல்லங்கோட்டில் ரோட்டையே கடல் தின்றுவிட்டது. தமிழ்நாட்டுப் பக்கம் கல் போட்டதால்தான் கடல் இங்கே ஏறுகிறது என்று இந்தப் பக்கத்தார் சொல்கிறார்கள். எங்களுக்கும் கல் போடுங்கள் என்பதுதான் அவர்கள் கேட்பது.

இடிந்த ஒரு வீட்டுத் திண்ணையில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவரிடம் அண்ணன், "கோடு எங்கேருந்து தொடங்குது?" என்று கேட்டார். அவர் தலையைத் தூக்காமலே, "கரையிலயா கடலிலயா?" என்றார். கரையில் என்றதும் கையால் ஒரு தென்னையைக் காட்டினார். கடலில் என்றால் என்ன சொல்லியிருப்பார் என்று கேட்கத் தோன்றவில்லை. இப்போது கேட்டிருக்கலாம் என்று இருக்கிறது.

நீரோடியில் டீ குடித்தோம். பையன் கறுப்பு மணலைப் பாட்டிலில் அள்ளப் பார்த்தான், அதை எடுத்துப் போவது வம்பு என்று போட்டோவோடு நிறுத்தினேன். திரும்பி வந்ததும் அந்தப் போட்டோவை வழிகாட்டிக்கு அனுப்பினேன். "எந்த எரிமலை?" என்று பதில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை நேரில் சொல்கிறேன் என்றேன், கொஞ்சம் நீளமான பதில் அது. கால்வாயின் மிச்சத்தை, தேங்காய்ப்பட்டணம் முதல் மண்டைக்காடு வரை, அடுத்த லீவில் நடந்தே பார்க்க எண்ணம். அண்ணனும் வருகிறேன் என்றிருக்கிறார். அவருக்கு மூட்டுவலி, பார்ப்போம்.